கருடனைக் கொத்திய கரிச்சான்

"கருடன்! கருடன்!"

குரல் எழுந்தது, கூட்டம் நின்றது. செங்கம் சாலையிலே, இரமணாசிரம வாயிலுக்கு எதிர்ப்புறம், ஆட்டோக்கள் அணிவகுத்து நிற்கும் இடம். பகல் பதினொரு மணி. விடுமுறை நாளானதால் நாமும் கையில் கடலைப் பொட்டலத்தோடு அங்கே நின்றிருந்தோம். நடந்தவர் நின்றனர், நின்றவர் நிமிர்ந்தனர், நிமிர்ந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். இனிமேல்தான் 14 கிலோமீட்டர் நடந்து மலையைச் சுற்றவேண்டிய குடும்பமொன்று, நடந்து முடித்த பலனே கிட்டிவிட்டதுபோல் பூரித்து நின்றது. தேநீர்க் கடைக்காரர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

வானத்திலே, வெண்தலையும் செம்மேனியுமாய் ஒரு செம்பருந்து. சிறகை அசைக்காமலே வட்டமிட்டது. அசைக்கவேண்டிய தேவை அதற்கில்லை. வெயிலில் பாறை சுடுகிறது. பாறையைத் தொட்ட காற்றுச் சூடேறி மேலெழுகிறது. அந்தக் காற்றிலே ஏறி அமர்ந்துகொண்டால் உழைக்காமலே உயரலாம். (உழைக்காமலே உயர்வோர் நிலத்திலும் உண்டு. அது வேறு கட்டுரை.) அருணை மலையைப் போல் வெட்டவெளியில் தனித்து எழுந்து நிற்கும் பாறை மலையருகே பருந்துகள் சுற்றுவதற்குக் காரணம் இதுதான். கும்பாபிசேகம் நடந்தாலும் சுற்றும்; நடக்காவிட்டாலும் சுற்றும். நாள் நட்சத்திரம் பார்த்துச் சுற்றுவதில்லை. வெயில் பார்த்துச் சுற்றுகிறது.

அப்போதுதான் நடந்தது அந்தக் கூத்து!

மின்கம்பியிலே அமர்ந்திருந்தது ஒரு கரிச்சான். கைப்பிடிக்குள் அடங்கும் உடல், கன்னங்கரிய நிறம், கத்தரிக்கோல் போல் பிளந்த வால். இரட்டைவால் குருவி என்றும் சொல்வர். எடை ஏறக்குறைய 50 கிராம். பருந்தோ அதைப்போல் பத்து மடங்கு! கரிச்சான் கம்பியை விட்டு அம்புபோல் கிளம்பிற்று. மேலேறிற்று, பருந்துக்கும் மேலே ஏறிற்று, அங்கிருந்து பாய்ந்து முதுகிலே ஒரு கொத்து! பருந்து உடலைப் புரட்டிற்று, நகங்களை நீட்டிற்று, காற்றைத்தான் பற்றிற்று. மீண்டும் ஒரு கொத்து! பக்கத்து வேப்பமரத்திலிருந்து இரண்டாவது கரிச்சான் வந்து சேர்ந்தது. எங்கிருந்தோ காகம் ஒன்றும் கரைந்துகொண்டே பின்தொடர்ந்தது. திருமாலைச் சுமக்கும் வாகனம், மூவரின் துரத்தலுக்கு ஆற்றாமல், வட்டத்தை முறித்துக்கொண்டு, மலைச்சரிவை நோக்கிப் பறந்தது. பறந்ததா? ஓடிற்று!

கூப்பிய கைகள் என்ன செய்வதென்று அறியாமல் அப்படியே நின்றன.

"இது என்ன அநியாயம்! சாமி பறவையையே கொத்துதே!" என்றார் ஒரு மூதாட்டி.

அருகிலிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். நெற்றி நிறைய நீறு. "பதறாதீங்கம்மா. அந்தக் குருவிக்கு ஈசனே காதுல மந்திரம் ஓதியிருக்கார். திருவிளையாடல்ல வருது. அந்தப் பலம்தான் அது" என்றார்.

மூதாட்டியின் முகம் மலர்ந்தது. தொங்கிய கைகள் மீண்டும் கூப்பின, இம்முறை கரிச்சானுக்கு!

தோழர்களே, பார்த்தீர்களா வேடிக்கையை! பறந்தவனும் தெய்வம், துரத்தியவனும் தெய்வ அருள் பெற்றவன். வென்றாலும் கும்பிடு, தோற்றாலும் கும்பிடு. இந்தக் கணக்கிலே எந்த விடையும் தவறாகாது. எந்த விடையும் தவறாகாத கணக்கை எந்தப் பள்ளியிலே சொல்லித்தருவது? நாம் ஆசிரியத் தொழில் புரிகிறோம். நமக்கு அத்தகைய கணக்குத் தெரியாது.

பெரியவர் பொய் சொல்லவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே, கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம் என்று ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. முற்பிறப்பில் நல்லவனாக இருந்தவன் சிறு பாவத்தால் கரிக்குருவியாகப் பிறந்தானாம். காக்கை முதலான பறவைகள் தலையிலே குத்திக் குத்தி வருத்தினவாம். யாத்திரை வந்தவர் வாயால் மதுரையின் பெருமையைக் கேட்டுப் பறந்துபோய்ப் பொற்றாமரைக் குளத்தில் மூழ்கி வழிபட்டதாம். இறைவன் இரங்கி மந்திரம் உபதேசித்து, ‘வலியான்’ என்ற பெயரும் தந்தானாம். அன்று முதல் அந்தக் குருவி பெரிய பறவைகளுக்கு அஞ்சுவதில்லையாம்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. கண்ணால் கண்ட ஓர் உண்மையைக் கதை கட்டியவர் கூர்ந்து நோக்கியிருக்கிறார் என்பதையும் ஒப்புகிறோம். சிறு கருங்குருவி காக்கையை அடிக்கிறது, பருந்தை விரட்டுகிறது, ஏன்? இந்த ‘ஏன்’ வரையில் புலவர் நம் தோழர். அதற்கு மேல்தான் வழி பிரிகிறது. ‘ஏன்’ என்று கேட்டவர், விடைக்காகக் குருவியைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்துவிட்டார்!

நாம் கேட்கிறோம். கரிச்சான் மதுரையில் மட்டுமா வாழ்கிறது? ஈரான் நாட்டின் தென்கிழக்கிலிருந்து சீனம், சாவகம் வரை வாழ்கிறது. அங்கெல்லாமும் பருந்தை விரட்டுகிறது. பொற்றாமரையில் மூழ்கியது எந்தக் கரிச்சான்? சீனக் கரிச்சானுக்கு மந்திரத்தை மொழிபெயர்த்துச் சொன்னவர் யார்? அதுகூடப் போகட்டும். வட அமெரிக்காவில் கரிச்சானுக்கு நெருங்கிய உறவு இல்லாத ஒரு சிறு பறவை உண்டு. அதுவும் ஏறக்குறைய அதே எடை. அதுவும் கம்பியில் அமர்ந்து பூச்சி பிடிக்கும் பிழைப்பு. தன் கூட்டின் பக்கம் வரும் பருந்தையும் காகத்தையும் முதுகிலேறிக் கொத்தி விரட்டும். அதன் ஆண்மையைக் கண்டு வியந்த அறிவியலார், இலத்தீனில் ‘கொடுங்கோலன்’ என்று இருமுறை அடுக்கியே பெயர் வைத்துவிட்டனர். அந்தக் குருவி எந்தக் குளத்தில் மூழ்கிற்று?

மந்திரம் வேண்டாம், நோக்கினால் போதும். பருந்தின் படைக்கலங்கள் எங்கே இருக்கின்றன? அலகு முன்னே, நகம் கீழே. முதுகிலே ஒன்றும் இல்லை. பெரிய சிறகு மேலேறும் காற்றில் மிதப்பதற்கு ஏற்றது. சட்டென்று திரும்புவதற்கு ஏற்றதன்று. மாட்டு வண்டியை முச்சந்தியிலே திருப்புவதற்கும், மிதிவண்டியைத் திருப்புவதற்கும் உள்ள வேறுபாடு! பருந்து ஒருமுறை வளைவதற்குள் கரிச்சான் இருமுறை வளைந்து மேலேறிவிடும். எதிரியின் வலிமை எங்கே இல்லையோ அங்கே நிற்கிறது குருவி. அதுதான் அதன் உபதேசம்.

சரி, எதற்காக இந்த வம்பு? 50 கிராம் உயிர் ஒன்று, பிடிபட்டால் ஒரு நொடியில் முடிந்துபோகும் என்ற நிலையில், வலியச் சென்று சண்டை இழுப்பானேன்? இக்கேள்வியை ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் பல்லாண்டு ஆராய்ந்திருக்கின்றனர். வேட்டைப் பறவையின் முதலீடு நகமும் அலகும் மட்டுமன்று, மறைவு. வல்லூறு மாமரத்து இலைக்குள்ளே மூச்சுக்காட்டாமல் அமர்ந்து, தவிட்டுக்குருவி தரையிறங்கும் நேரம் பார்த்துப் பாய்கிறது. ‘இதோ இருக்கிறான்! இதோ இருக்கிறான்!’ என்று பத்துக் குருவிகள் சுற்றி நின்று கத்தினால் அதன் பிழைப்பு என்னாவது? அன்றைய வேட்டை கெட்டது. வேறு தெருவுக்குப் போகவேண்டியதுதான். திருடனை அடித்துத்தான் விரட்டவேண்டும் என்பதில்லை; விளக்கை ஏற்றினாலும் ஓடுவான்.

கத்துவதிலும் கணக்கு இருக்கிறது. ஆங்கில அறிஞர் பீட்டர் மார்லர் 1955ஆம் ஆண்டிலேயே இதை எடுத்துக்காட்டினார். பருந்து தலைக்குமேல் பறந்து வரும்போது சிறு குருவி எழுப்பும் ஒலி மெல்லியது, மிக உயர்ந்தது, இழுத்தது. எங்கிருந்து வருகிறதென்று காதால் கண்டுபிடிப்பது கடினம். ‘ஒளிந்துகொள்’ என்பது அதன் பொருள். அதே குருவி, அமர்ந்திருக்கும் ஆந்தையைக் கண்டால் எழுப்பும் ஒலியோ கரகரப்பானது, துண்டு துண்டானது, இடத்தைச் சுட்டிக்காட்டுவது. ‘இங்கே வா’ என்பது அதன் பொருள். ஓடும் நேரத்துக்கு ஒரு மொழி. கூடும் நேரத்துக்கு ஒரு மொழி!

அழைப்பைக் கேட்டு யார் வருகிறார்கள்? சாதி பார்த்தா வருகிறார்கள்? கொண்டைக்குருவி வருகிறது, மைனா வருகிறது, தேன்சிட்டு வருகிறது, அணிலும் கிளையில் நின்று வாலை ஆட்டிக் கத்துகிறது. வந்தவர் வராதவர் என்ற கணக்கும் வைத்துக்கொள்கின்றன போலும். லாட்வியா நாட்டில் இந்திரிகிசு கிராம்சு என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஈப்பிடிப்பான் குருவிகளைக் கூண்டுப் பெட்டிகளில் அண்டை அயலாகக் குடிவைத்து, ஆந்தையைக் காட்டினார்கள். ஒரு வீட்டார் உதவிக்குப் போகாதபடி தடுத்துவைத்தார்கள். பிறகு அந்த வீட்டாருக்கே ஆந்தை வந்தபோது, அண்டை வீட்டார் எட்டிப்பார்க்கவில்லை! உதவிக்கு வந்தவர்களுக்கோ ஓடிச்சென்று உதவினர். கரிச்சானின் கூடு இருக்கும் மரத்தைத் தேடிப் புறாவும் மாங்குயிலும் கூடு கட்டுவது நம் நாட்டில் பலரும் கண்டது. வடநாட்டார் அதற்குக் ‘கொத்வால்’ என்று பெயர் வைத்திருக்கின்றனர், ஊர்க்காவல் அதிகாரி!

இவ்வளவும் சொன்னால் நம் மேடைத் தோழர்கள் துள்ளுவார்கள். ‘ஆகா! சிறியோர் ஒன்றுபட்டால் பெரியோனை வீழ்த்தலாம், குருவிகளைப் பாருங்கள்!’ என்று முழங்க ஒரு படிமம் கிடைத்துவிட்டதல்லவா? சென்ற மாதம் ஒரு கூட்டத்திலே முழங்கியே விட்டார் ஒரு நண்பர். கைதட்டலும் பெற்றார். நாமும் தட்டினோம். வீடு திரும்பும் வழியிலேதான் மனம் உறுத்திற்று. தட்டியிருக்கக் கூடாது.

ஏன் என்று கேளுங்கள்.

ஆசிரமத்தை அடுத்த தெருவொன்றிலே, நாம் குடியிருக்கும் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, ஒரு பழைய புளியமரம். அதன் பொந்திலே ஓர் இணைப் புள்ளி ஆந்தை. மைனாவின் அளவே இருக்கும், உருண்டைத் தலை, மஞ்சள் கண், யாரைக் கண்டாலும் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி உயர்த்தும். கணக்குத் தெரியாத மாணவன் கரும்பலகை முன்னே நின்று விழிப்பதுபோல் இருக்கும். காலையிலே அது சற்று வெளியே வந்து வெயில் காய்ந்தால் போதும்; காக்கைக் கூட்டம் கூடிவிடும். தவிட்டுக்குருவிகள் கீழ்க்கிளையில் நின்று கூச்சலிடும். மேலிருந்து கரிச்சான் பாயும். செங்கம் சாலையில் கருடனை விரட்டிய அதே வீரன்தான்! இங்கே அவன் விரட்டுவது தன் கூட்டாளிகளான காக்கைகளில் பாதிக்கும் குறைவான எடையுள்ள, பகலெல்லாம் உறங்கும், எலியும் வண்டும் தின்னும் ஒரு சிறு பறவையை.

அந்த வீட்டிலே ஒரு பாட்டிக்குக் காய்ச்சல் கண்டது. இரவிலே ஆந்தை அலறிற்று. அலறும் எண்ணிக்கைக்கு ஏற்பப் பலன் சொல்லும் பாட்டுத்தான் நாட்டிலே வழிவழியாக வருகிறதே! ஒருமுறை என்றால் சாவு. யாரோ ஒருமுறை என்று எண்ணிவிட்டார்கள். (புள்ளி ஆந்தை ஒருமுறை அலறி நிறுத்துவதை நாம் கேட்டதே இல்லை. அது தொடங்கினால் சந்தைக் கடைதான்.)

வீட்டுக்காரரிடம் பேசினோம். அவர் படித்தவர். நம் பேச்சை மதித்துக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்ன விடையை இங்கே தருகிறோம். "நீங்க சொல்றது சரிதான் வாத்தியாரே. மனுசன் சொன்னா மூடநம்பிக்கைன்னு சொல்லலாம். காக்கா குருவிக்கு என்ன மூடநம்பிக்கை? எல்லாம் ஒண்ணா சேந்து அதை விரட்டுதே! கெட்டதுன்னு அதுங்களுக்கே தெரியுது பாருங்க."

நாம் வாயடைத்து நின்றோம். எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று இது. ஊர் கூடி விரட்டினால் விரட்டப்பட்டவன் கெட்டவனாகத்தான் இருக்கவேண்டும் என்ற வாதம், ஆந்தைக்கு மட்டுமா பயன்படுகிறது?

பழைய வாதம்தான். 2300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் அரிசுடாட்டில் எழுதினார்: பகலில் ஆந்தையைச் சூழ்ந்து சிறு பறவைகள் பறக்கின்றன, மக்கள் இதனை ‘வியத்தல்’ என்கின்றனர், ஆனால் அவை அதனை அடிக்கின்றன, இறகைப் பிடுங்குகின்றன, இதனால் வேடர் ஆந்தையை வைத்தே சிறு பறவைகளைப் பிடிக்கின்றனர் என்று. எண்ணிப் பாருங்கள்! ஒரே காட்சி, கிரேக்கன் கண்ணுக்கு அது வழிபாடு, நம் வீட்டுக்காரர் கண்ணுக்கு அது தண்டனை. இருவருமே தம் மனத்திலிருந்ததைப் பறவையின் தலையில் ஏற்றினர். ஆத்திரத்தில் சூழ்ந்த பறவைகளோ வேடனின் வலையிலே விழுந்தன. அதை மட்டும் இருவரும் பேசவில்லை, அரிசுடாட்டில் பேசினார்.

நம் வள்ளுவரும் கண்டார். காலமறிதல் அதிகாரத்தை அவர் தொடங்குவதே இந்தக் காட்சியோடுதான்; பகற்பொழுதிலே கூகை காக்கையிடம் தோற்கும் என்கிறார். கூகை கெட்டது என்றாரா? காக்கைக்கு அருள் கிடைத்தது என்றாரா? காலம் என்றார்! பகல் காக்கையின் காலம். இரவு கூகையின் காலம். அப்போது உறங்கும் காக்கையின் தலை கூகையின் நகத்துக்குத் தப்பாது. பாரதத்தின் அசுவத்தாமன் அந்த இரவுக் காட்சியைக் கண்டுதான் பாசறையில் உறங்குவோரைக் கொல்லும் திட்டம் வகுத்தான் என்பது கதை. காக்கைக்கும் கூகைக்கும் உள்ள வழக்கு இதுதான்: உன்னை நான் பகலில் கண்ட இடத்தில் இருக்கவிட்டால், இரவில் என் குஞ்சை நீ தின்பாய். பெரிய கூகையின்பால் அது நியாயமான வழக்கு. புள்ளி ஆந்தையின்பால்? உருண்டைத் தலையும் முன்னோக்கிய கண்ணும் கூகையைப் போல் இருப்பதால் விழுந்த அடி! முகம் பார்த்துத் தண்டிக்கும் நீதி.

காக்கையின் வழக்கு மனிதனுக்கு எப்படி வழக்காயிற்று? ஆந்தை நம் குழந்தையைத் தூக்கிற்றா? நம் நெல்லைத் தின்றதா? நெல்லைத் தின்னும் எலியை அன்றோ தின்கிறது! வயலிலே குச்சி நட்டுப் பறவைத் தாங்கி வையுங்கள் என்று உழவர்களுக்கு வேளாண்மைத் துறை சொல்கிறது. பகலில் அந்தக் குச்சியில் கரிச்சான் அமர்ந்து புழுப்பூச்சியைத் தின்னும். இரவில் அதே குச்சியில் ஆந்தை அமர்ந்து எலியைத் தின்னும். தமக்குள் பகைத்த இருவரும் உழவனுக்கு இருவேளைக் கூலியாட்கள், கூலி கேளாத ஆட்கள்! நற்றிணையிலே ஒரு தோழி, ஊர் மரத்துக் கூகையிடம் கெஞ்சுகிறாள்: அச்சுறுத்திக் கத்தாதே, ஆட்டுக்கறியும் எலிச்சூடும் தருகிறேன் என்று. அவளுக்கும் அச்சம் இருந்தது. ஆனால் கல்லெடுக்கவில்லை; அதன் உணவு எலி என்று அறிந்து விருந்து பேசினாள். இன்று வடபுலத்துச் சந்தைகளில் தீபாவளி வரும்போதெல்லாம் ஆந்தை களவாக விலைபோகிறது. பூசைக்கும் செய்வினைக்கும் கழுத்தறுபடுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. சட்டம் அலமாரியில் இருக்கிறது. ஆந்தை சாக்குப் பையில் இருக்கிறது.

வீட்டுக்காரருக்கு விடை தேடினோம். செருமானிய நாட்டு ஆராய்ச்சியாளர் எபர்கார்டு கூரியோவும் அவர்தம் தோழரும் 1978இல் வெளியிட்ட ஆய்விலே கிடைத்தது. படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அவர்கள் ஒரு பெட்டி செய்தார்கள். பெட்டிக்கு இருபுறமும் ஒவ்வொரு கூண்டு. ஒன்றில் ஆசிரியக் குருவி, மற்றொன்றில் மாணவக் குருவி. ஒன்றையொன்று காணலாம், கேட்கலாம். பெட்டியைத் திருப்பினால் ஆசிரியக் குருவியின் பக்கம் ஓர் ஆந்தை தெரியும். மாணவக் குருவியின் பக்கமோ, அது முன்பின் கண்டிராத, தீங்கற்ற தேன்குடிப் பறவை ஒன்று தெரியும். ஆசிரியன் ஆந்தையைக் கண்டு ஆத்திரத்தோடு கத்துகிறான். மாணவன் எண்ணுகிறான்: ‘ஓ! என் முன்னே இருக்கும் இந்தப் பறவையைக் கண்டுதான் இவர் கத்துகிறார். இது கொடியது!’ தானும் கத்துகிறான். பிறகு ஆசிரியன் இல்லை, ஆந்தை இல்லை, தேன்குடியைக் காட்டினால் போதும், மாணவன் கத்துகிறான். இப்போது அவனை ஆசிரியனாக்கி வேறொரு மாணவனைக் கொண்டுவந்தார்கள். அவனும் கற்றான். அவன் மற்றொருவனுக்குக் கற்பித்தான். இப்படி ஆறு பறவைகள் வரை அந்தப் பொய்ப் பகை கைமாறிற்று! அதோடு நின்றதா? தேன்குடிக்குப் பதிலாக வண்ண வண்ணமான ஒரு பிளாசுடிக் புட்டியை வைத்தார்கள். சற்று வேகம் குறைவாயினும், புட்டியையும் பகைவனென்று கத்தின குருவிகள்.

புட்டி! தின்னாத புட்டி, திட்டாத புட்டி, நகமில்லாத புட்டி. ‘எல்லாம் ஒண்ணா சேந்து விரட்டுதே’ என்று அந்தப் புட்டியைக் காட்டியும் சொல்லலாமல்லவா, வீட்டுக்காரரே?

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்திலே சான் மார்சுலபு என்ற பேராசிரியர், 2006இல் காட்டுமனிதன் முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விட்டார். பிறகு யார் அந்த முகமூடியை அணிந்து நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து கரைந்தன. ஆண்டுகள் சென்றும் மறக்கவில்லை. பிடிபடாத காகங்களும் கரைந்தன. பின்னர்ப் பிறந்த குஞ்சுகளும் கரைந்தன. முகமூடி அணிந்தவர் குற்றம் செய்தவரா என்பதை எந்தக் காகமும் கேட்கவில்லை.

பறவையைக் குறைசொல்ல வரவில்லை நாம். பறவைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இங்கிலாந்தில் 2009இல் நிக் டேவிசும் வெல்பர்கனும் நாணல் குருவிகளிடம் செய்த சோதனையில், தம் கூட்டில் முட்டையிட்டு ஏமாற்றும் குயிலை அயலார் விரட்டுவதைக் கண்ட குருவிகள் தாமும் விரட்டக் கற்றன. கிளிப் பொம்மையைக் காட்டியபோது கற்கவில்லை. கண்டதையெல்லாம் நம்பாத குருவியும் உண்டு. ஆறாம் அறிவு நமக்கு மட்டுமே என்று பாடம் நடத்தும்போது நமக்கே இப்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடுகிறது.

தாழ்வதற்குக் காரணம் உண்டு. 2018 மே மாதம். நம்முடைய இதே திருவண்ணாமலை மாவட்டத்திலே, போளூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில், குலதெய்வக் கோயிலுக்காக உறவினரோடு காரில் வந்தார் ஒரு மூதாட்டி. வழி கேட்க இறங்கினார்கள். குழந்தைகளைக் கண்டதும் மிட்டாய் கொடுத்தார் அந்தத் தாய். பாட்டிமார் வேறென்ன செய்வார்கள்? ‘பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்று வாட்சப்பில் வதந்தி ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த காலம். ஒருவர் கத்தினார். பத்துப் பேர் கூடினர். பத்து நூறாயிற்று. அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த ஆண்டு அசாமிலும் மராட்டியத்திலும் இன்னும் பல இடங்களிலும் இதே வதந்தி, இதே கூட்டம், இதே சாவு. சூலை மாதத்தில், ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. ஐந்தாம்! கூரியோவின் பொய்ப் பகை ஆறு பறவைகள் வரை பயணம் செய்ததென்பதை மறந்துவிடாதீர்கள்.

கூடியவர்கள் கயவர்களா? இல்லை. தம் பிள்ளைகளைக் காக்கக் கூடியவர்கள். சாதி மறந்து, வீட்டு வேலையை விட்டு, ‘இங்கே வா’ என்ற குரலுக்கு ஓடிவந்தவர்கள். மேடை நண்பர் போற்றிய அந்த ஒற்றுமையின் அத்தனை இலக்கணமும் அங்கே இருந்தது! ஒன்றே ஒன்றுதான் இல்லை. ‘அய்யா, சற்றுப் பொறுங்கள், இந்த அம்மா யார்?’ என்று கேட்கும் ஒரு வாய். அதனால்தான் சொல்கிறோம் நண்பரே, குருவிக் கூட்டத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்காதீர். கருடனை விரட்டியதும் அந்தக் கூட்டமே; ஆந்தையை விரட்டியதும் அந்தக் கூட்டமே. கூடியவர்களின் தொகையைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. சேரியின் மேல் பாய்ந்த கூட்டங்களும் ஒற்றுமையாகத்தான் பாய்ந்தன.

புளியமரத்துக் கதையை முடிக்கவேண்டும். நாம் படித்து முடித்து விடையோடு செல்வதற்குள், வைக்கோற்பிரி கொளுத்திப் பொந்துக்குள் புகை போட்டுவிட்டார்கள். பட்டப்பகல். இரண்டும் வெளியே பாய்ந்தன. ஒன்றைக் காக்கைகள் தெருமுனை வரை துரத்தின. கீழே விழுந்ததைச் சிறுவர்கள் கல்லால் அடித்தார்கள். நம் வகுப்புச் சிறுவர்கள். மற்றொன்று எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்திலே ஆசிரமம். 1948இல் இறந்த இலட்சுமி என்ற பசுவுக்கு அங்கே சமாதி. அருகிலேயே ஒரு மானுக்கும், ஒரு நாய்க்கும், ஒரு காகத்துக்கும் சமாதி! எள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த எண்ணத்தோடு செய்தாலும் உயிரிடம் காட்டிய அன்பு அன்புதான். அந்தக் காகத்தின் சமாதிக்கு மலர் வைத்துவிட்டு வந்த கைகளில் சில, வைக்கோற்பிரியையும் பிடித்தன என்பதைத்தான் சொல்கிறோம்.

பாட்டி பிழைத்துக்கொண்டார். அரசு மருத்துவமனையில் ஐந்து நாள் மாத்திரை, காய்ச்சல் இறங்கிற்று. "பாத்தீங்களா வாத்தியாரே, அது போச்சு, காய்ச்சலும் போச்சு" என்றார் வீட்டுக்காரர். மாத்திரை தின்றவர் பாட்டி. புகழ் தின்றது புகை!

வகுப்பிலே நாம் சிறுவர்களைத் திட்டவில்லை. பெட்டியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தோம். இப்பக்கம் ஆந்தை, அப்பக்கம் புட்டி. நெடுநேரம் யாரும் பேசவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "அப்ப எங்களுக்கு யாரு சார் ஆந்தையைக் காட்டாம புட்டியைக் காட்டினது?" என்று கேட்டான். அந்த வீட்டுப் பிள்ளை அவன்.

தை மாதத்தில் ஓர் ஆந்தை அதே பொந்துக்குத் திரும்பிற்று. பழையதா புதியதா, தெரியாது. இப்போது இரண்டாகிவிட்டன. காலையில் காக்கைகள் வழக்கம்போல் கூடுகின்றன. மரத்தடியில் அந்தப் பிள்ளையும் அவன் தோழன் ஒருவனும் குறிப்பேட்டோடு உட்காருகின்றனர். தின்றதில் செரியாத எலும்பையும் மயிரையும் ஆந்தை உருண்டையாக உமிழ்ந்துவிடும். அவற்றைப் பொறுக்கி வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரிக்கின்றனர். சென்ற ஞாயிறன்று பிரித்தவற்றில் சுண்டெலியின் கீழ்த்தாடை இரண்டும், வண்டுகளின் சிறகு ஓடுகள் ஏராளமாகவும் கிடைத்தன. தாடைகளைப் பஞ்சில் ஒட்டித் தீப்பெட்டிக்குள் வைத்து, அப்பாவிடம் காட்டுவதாக எடுத்துச் சென்றிருக்கிறான். அவர் என்ன சொன்னார் என்று இன்னும் வந்து சொல்லவில்லை.